மூன்றாம் வருகையின் குறிப்பு: விலங்கு மறுவாழ்வுச் சிகிச்சையில் சான்றிதழ் வழங்கும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். விலங்குகளுக்கான மறுவாழ்வுச் சிகிச்சையில் பயிற்சி நடத்தி, தேர்வு வைத்து, சான்றிதழ் வழங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்தும் தருகிற எல்லா அமைப்புகளுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். மனிதர்களுக்கான இயன்முறை மருத்துவம் படித்து, சில ஆண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றிய பிறகு, நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிகிச்சையளிக்க வந்தவள் நான். உங்களைப் போன்ற ஓர் அமைப்பிடம் பயின்றுதான் இந்தப் பணிக்குள் நுழைந்தேன். அங்கே எனக்குக் கற்பித்தவர்கள் மீது இன்றும் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறேன். அந்தச் சான்றிதழை இதுவரை மூன்று முறை புதுப்பித்திருக்கிறேன். மூன்று முறையும் என்னிடம் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை மணி நேரம் தொடர்கல்வி வகுப்புகளில் கலந்துகொண்டீர்கள் என்பது. உங்களுக்கு எது தெரியாமல் இருக்கிறது, அது தெரியாது என்பதை எப்படிக் கண்டுகொண்டீர்கள், கண்டுகொண்ட பின் என்ன செய்தீர்கள் என்று யாரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அதை இனிக் கேட்க வேண்டும் என்று கோருவதற்காகவே எழுதுகிறேன்.

கோரிக்கைக்குக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதான, பெரிய உடல்வாகு கொண்ட ஆண் நாய் ஒன்று இடது முன்னங்காலை நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த எக்ஸ்ரேயில் முழங்கையில் தேய்மானம் தெரிந்ததாகப் பரிந்துரைக் கடிதத்தில் எழுதியிருந்தது. வயதான நாய், பழைய தேய்மானம், நொண்டல் என்று மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தின. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாரம் ஒருமுறை வரச் சொன்னேன். மூட்டு அசைவுப் பயிற்சி, நீருக்குள் நடை, லேசர் என்று ஒழுங்காகத் தொடங்கினேன். மூன்றாவது வருகையின்போது என் குறிப்பேட்டில் நான் எழுதிய வரி இது: "மணிக்கட்டுக்குச் சற்று மேலே லேசான வீக்கம். தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறது. கவனிக்கவும்." யார் கவனிக்க வேண்டும், எப்போது, எதற்காக என்று எழுதவில்லை. நொண்டும் கால் என்பதால் மணிக்கட்டிலும் சுமை மாறியிருக்கும் என்று நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு, அந்த வீக்கத்தின் மீதும் லேசர் காட்டினேன். ஏழாவது வருகையில் அந்த இடம் பாதி எலுமிச்சம்பழ அளவுக்குக் கெட்டியாக, சூடாக இருந்தது. அன்றே கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் எலும்புப் புற்று தெரிந்தது.

பெரிய இன நாய்களில், நடுத்தர வயதுக்கு மேல், முன்னங்கையெலும்பின் கீழ்முனையில், அதாவது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இந்தப் புற்று வருவது மிகவும் வழக்கமானது. கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்கள் இதை ஒரு சூத்திரமாகவே மனப்பாடம் செய்கிறார்கள்: முழங்கையை விட்டு விலகிய முனைகளிலும் முழங்காலை ஒட்டிய முனைகளிலும் முதலில் சந்தேகி. நான் அந்த மாணவியாக இருந்ததில்லை. நான் படித்த மனித மருத்துவத்தில் இதே புற்று பெரும்பாலும் பதின்ம வயதினருக்கு, வளர்ச்சி வேகமெடுக்கும் காலத்தில், முழங்காலை ஒட்டி வருவதாகக் கற்பிக்கப்பட்டது. ஆகவே வயது முதிர்ந்த ஒரு நோயாளியின் மணிக்கட்டில் வீக்கத்தைப் பார்த்தபோது, என் பழைய படிப்பு என்னை அந்தப் பக்கம் திரும்பவே விடவில்லை.

உங்கள் பார்வைக்கு முக்கியமாக வைக்க விரும்புவது இனிமேல்தான் வருகிறது. புற்றுக்கட்டியின் மீது லேசர் பயன்படுத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். உங்கள் வகுப்பில் அதைக் கற்பித்தார்கள், தேர்வில் கேட்டார்கள், சரியான விடை எழுதி மதிப்பெண் வாங்கினேன். விதி தெரிந்திருந்தது; அந்த விதி என் கைக்குக் கீழேயே பொருந்திக் கிடக்கிறது என்பதை அடையாளம் காணத் தேவையான அறிவு இல்லை. தேர்வு அளந்தது முதலாவதை. இரண்டாவது என்னிடம் இல்லை என்பது எனக்கும் தெரியாது, எனக்குச் சான்றிதழ் தந்தவர்களுக்கும் தெரியாது.

நான்கு வாரம் முன்பே கண்டுபிடித்திருந்தால் அந்த நாய் பிழைத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்நோய் வெளியே தெரியும் நேரத்திலேயே பெரும்பாலான நாய்களில், படத்தில் அகப்படாத நுண்ணிய அளவில், அது பரவியிருக்கும். ஆனால் எலும்பைக் குடைந்து வலிக்கிற ஒரு காலுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்திருக்கிறேன். அந்த நான்கு வாரமும் அதற்கு உரிய வலிநிவாரணம் கிடைக்கவில்லை. அதை வளர்த்த பெண்மணி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்கள் எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொண்டீர்கள்" என்று கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த நன்றிதான் இத்தனை காலமாக என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

ஏனென்றால், நம் பணியில் அறியாமையை மறைத்து வைப்பதில் அன்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நம்மிடம் வரும் உயிருக்குப் பேச்சில்லை. நேற்றைய பயிற்சிக்குப் பிறகு வலி கூடிவிட்டது என்று அதனால் சொல்ல முடியாது. அதற்காகப் பேசுகிறவர் அதன் மீது உயிரையே வைத்திருப்பவர். அது தேறிவர வேண்டும் என்று ஏங்குகிறவர். தேறிவருவதாகவே அவர் கண்ணுக்குத் தெரியும். 2012-ல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக்கையாகவே காட்டியது. மூட்டுத் தேய்மானத்தால் நொண்டிய நாய்களுக்கு, மருந்தே இல்லாத மருந்துப்போலியைக் கொடுத்து, காலடியின் விசையை அளக்கும் தட்டின் மீது நடக்கவிட்டு, அந்த அளவையும் மனிதர்கள் சொன்னதையும் ஒப்பிட்டார்கள். அளவில் முன்னேற்றம் இல்லாதபோதும் முன்னேற்றம் இருப்பதாக வளர்ப்பவர்கள் மதிப்பிட்டது ஏறத்தாழ 57 சதவீதம். அவர்களை விடுங்கள்; பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்களும் ஏறத்தாழ 40 முதல் 45 சதவீதம் அப்படியே மதிப்பிட்டார்கள். இந்த எண்களைப் படித்த அன்று என் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினேன். "நல்ல முன்னேற்றம்", "சுறுசுறுப்பாக இருக்கிறது", "வீட்டார் மகிழ்ச்சி" என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். ஓர் அளவுகூட இல்லாத பக்கங்கள் பல இருந்தன. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட நற்சான்றிதழ்கள் அவை.

இதோடு காலமும் நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்கிறது. அறுவை முடிந்த காலும், வீங்கித் தணிகிற தசையும் நாம் ஒன்றும் செய்யாமலே ஓரளவு தேறும். தேய்மான வலி கூடும், குறையும்; கூடியிருக்கும் நாளில்தான் நம்மிடம் அழைத்து வருகிறார்கள்; குறைவது எப்படியும் அடுத்து வரத்தான் போகிறது. ஆக, பேசாத நோயாளி, நம்பிக்கையோடு பார்க்கும் வீட்டார், தானே ஆறும் உடல் என்ற மூன்றுக்கும் நடுவில் நிற்கிற ஒருவருக்குத் தன் அறிவில் உள்ள ஓட்டை தானாகத் தெரிய வழியே இல்லை. ஆண்டுகள் கூடக் கூடத் தன்னம்பிக்கை கூடும்; திறமையும் அதே அளவுக்குக் கூடுகிறதா என்பதை வெளியிலிருந்து யாராவது பார்த்தால் ஒழிய அறிய முடியாது. அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவரின் விரல்கள் தசையில் உணர்வதை ஒரு புதியவர் உணர முடியாது. ஆனால் அந்த விரல்கள் உணர்ந்ததற்கு என்ன பொருள் கொள்வது என்பது வேறு படிப்பு.

நம் துறைக்கு இரண்டு வீடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் கால்நடை மருத்துவர்களுக்கான தனிச் சிறப்புத் துறையாக இது அங்கீகாரம் பெற்றதே 2010-ல்தான். அவ்வளவு இளைய துறை. கால்நடை மருத்துவத்திலிருந்து வருபவர்களும் மனித இயன்முறை மருத்துவத்திலிருந்து வருபவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே தேர்வை எழுதி, ஏறக்குறைய ஒரே மாதிரியான பட்டத்தைப் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறோம். ஆனால் வெளியேறும்போது இருவருக்கும் தெரியாதவை ஒன்றல்ல. என் போன்றவர்களுக்கு நோய்களின் வரைபடம் தெரியாது: பின்னங்கால் பலவீனம் என்று வரும் நாய்க்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருக்கலாம், வட்டில் தொற்று இருக்கலாம், இரண்டு முழங்கால்களிலும் சிலுவைத் தசைநார் ஒருசேர அறுந்திருக்கலாம், இதயமோ சுரப்பிகளோ காரணமாக இருக்கலாம் என்ற நீண்ட பட்டியல் எங்கள் நினைவில் தானாக விரியாது. கால்நடை மருத்துவ நண்பர்களில் பலருக்கு அந்தப் பட்டியல் உறக்கத்திலும் விரியும். ஆனால் பயிற்சியை மருந்துபோல அளந்து கொடுக்க வராது. "தினமும் சிறிது நேரம் நடக்க விடுங்கள்" என்று எழுதியனுப்புவார்கள். எத்தனை நிமிடம், எந்தத் தரையில், எந்த வேகத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட்டுவது, எந்த அறிகுறி கண்டால் குறைப்பது என்று கேட்டால் விடை இருக்காது. ஒரு மாத்திரையை "சிறிது கொடுங்கள்" என்று அவர்கள் எழுதவே மாட்டார்கள்.

இந்த இரு குறைகளும் ஒன்றையொன்று நிரப்பக்கூடியவை. நடைமுறையில் நிரப்புவதில்லை. காரணம், சான்றிதழ் இருவரையும் முழுமையானவர்கள் என்று அறிவித்துவிடுகிறது. "இது உங்கள் பக்கம், எனக்குத் தெரியவில்லை, வந்து பாருங்கள்" என்று அழைப்பதற்கு அந்தப் பட்டமே தடையாக நிற்கிறது. அழைத்தால் பரிந்துரைக்கும் மருத்துவர் அடுத்த நாயை வேறிடத்துக்கு அனுப்பிவிடுவாரோ என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சம் எனக்கும் இருந்தது. மூன்றாவது வருகையன்று நான் தொலைபேசியை எடுக்காததற்கு என் அறியாமை ஒரு காரணம் என்றால், "இதற்கெல்லாம் அழைக்கிறாளே" என்று நினைத்துவிடுவாரோ என்ற தயக்கம் மற்றொரு காரணம்.

இனி, கற்ற பிறகு தொடர்ந்து கற்பது பற்றி. நாம் கற்றுக்கொண்டவற்றில் எவை எந்த அளவு உறுதியானவை என்று நமக்குச் சொல்லித்தரப்படுவதில்லை. எல்லாமே ஒரே குரலில், ஒரே எழுத்தளவில் பாடமாக வந்து சேர்கின்றன. 2006-ல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நம் துறையில் இதை மேற்கோள் காட்டாத வகுப்பே இல்லை என்று சொல்லலாம். தண்டுவடம் மெல்ல நலிந்து பின்னங்கால்கள் செயலிழக்கும் நோய் இருப்பதாகக் கருதப்பட்ட 22 நாய்களில், தீவிரமான இயன்முறைப் பயிற்சி பெற்றவை சராசரியாக 255 நாளும், மிதமாகப் பெற்றவை 130 நாளும், பெறாதவை 55 நாளும் வாழ்ந்ததாக அது சொன்னது. இந்த எண்களை எத்தனை குடும்பங்களிடம் நான் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் மூலக் கட்டுரையை முழுதாகப் படித்தேன். எந்த நாய் எந்தக் குழுவில் சேர வேண்டும் என்று குலுக்கல் முறையில் முடிவு செய்யப்படவில்லை. பயிற்சியின் அளவு வீட்டாரைப் பொறுத்தே அமைந்தது. தினமும் பல முறை பயிற்சி கொடுக்க ஆயத்தமாக இருக்கும் வீட்டார், நாயை விடைகொடுத்து அனுப்பும் முடிவையும் தள்ளிப்போடுவார்கள் என்பது எவருக்கும் விளங்கும். போதாதற்கு, அந்த நோயோடு தொடர்புடைய மரபணு மாற்றம் கண்டறியப்பட்டதே 2009-ல். 2006-ன் நாய்களுக்கு அந்தச் சோதனை கிடையாது. ஆய்வு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. இன்றும் அந்நோய்க்குப் பயிற்சி கொடுக்கிறேன், கொடுப்பது நல்லது என்றே நம்புகிறேன். ஆனால் "255 நாள்" என்று ஒரு குடும்பத்திடம் உறுதியாகச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்பதை நான் ஆறேழு ஆண்டுகள் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

மறுபக்கம், நமக்குப் பிடிக்காத ஆய்வுகள் வகுப்புகளில் இடம்பெறுவது அரிது. 2018-ல், முதுகெலும்பு வட்டு பிதுங்கி அறுவை செய்துகொண்ட, தண்டுவடம் முழுமையாகப் பழுதாகாத நாய்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அடிப்படைப் பயிற்சியும் மற்றதற்குத் தீவிரப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார்கள். தீவிரப் பயிற்சியால் தீங்கில்லை. ஆனால் குணமாகும் வேகத்திலோ அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடும் இல்லை. நான் இதைத் தற்செயலாகக் கண்டேன். முதலில் வந்தது கோபம். ஆய்வில் குறை கண்டுபிடிக்கத் தொடங்கினேன்: நாய்கள் குறைவு, காலம் குறைவு, முழுமையாகச் செயலிழந்த நாய்கள் சேர்க்கப்படவில்லை என்று. அந்தக் குறைகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2006-ன் ஆய்வைப் படித்தபோது இந்த விழிப்பு எனக்கு ஏன் வரவில்லை? என் பிழைப்புக்கு ஆதரவாக இருந்ததை அப்படியே விழுங்கினேன். எதிராக இருந்ததை மென்று துப்பினேன். இப்போது அந்த வகை நாய்களுக்கு முதல் இரண்டு வாரங்களில் எளிய பயிற்சிகளை வீட்டாருக்கே கற்றுக்கொடுத்து, அவர்கள் அலைச்சலைக் குறைக்கிறேன். வருமானம் சற்றுக் குறைந்தது.

சிறிய செய்தியொன்றும் சொல்கிறேன், ஏனெனில் பெரிய தவறுகளைவிட இத்தகையவையே அதிகம். நீருக்குள் இயங்கும் டிரெட்மில்லில் நாயை நடக்கவிடும்போது தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு தாங்குகிறது? 2010-ல் அளந்து சொல்லியிருக்கிறார்கள்: தண்ணீர் பின்னங்காலின் கணுக்கால் மட்டத்தில் நின்றால் நாய் தன் எடையில் 91 சதவீதத்தைத் தானே சுமக்கிறது, முழங்கால் மட்டத்தில் 85 சதவீதம், இடுப்பு மட்டத்தில் 38 சதவீதம். முழங்கால் மட்டத்துக்கும் இடுப்பு மட்டத்துக்கும் இடையில் அவ்வளவு பெரிய இறக்கம். இதை அறியும் வரை, மூட்டு வலி உள்ள நாய்களுக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் விட்டு, பாரம் பாதியாகக் குறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பாதியாகக் குறைப்பதாக வீட்டாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மூட்டுகளின் அசைவுக் கோணமும் இப்படித்தான். ஆரோக்கியமான லாப்ரடார் நாய்களில் 2002-ல் அளந்து வெளியிட்ட அளவுகளின்படி முழங்கால் சுமார் 42 பாகை வரை மடங்கி 162 பாகை வரை நீளும். அந்த எண்களை அட்டையில் அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். குட்டைக் கால் நாய்களையும் அதே அட்டையைப் பார்த்தே அளந்து, "அசைவு குறைவு" என்று எழுதிய நாள்கள் உண்டு.

பூனைகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த மடல் முழுமையாகாது; நம் துறை முழுவதற்குமான அறியாமைக்கு அவைதான் சாட்சி. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் எல்லா வயதிலும் உள்ள 100 பூனைகளைத் தேர்ந்து எக்ஸ்ரே எடுத்தபோது, 91 பூனைகளின் கால் மூட்டுகளில் ஓரிடத்திலாவது தேய்மான மாற்றம் தெரிந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலி ஆகாது என்பது உண்மைதான். ஆனால் பூனைக்கு மூட்டு வலி வராது என்று எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தோம்! பூனை நொண்டுவதில்லை, அலமாரி மீது ஏறுவதை விட்டுவிடுகிறது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைக்கிறது, மலப்பெட்டிக்கு வெளியே போகிறது. அதை வயது என்றோம், பிடிவாதம் என்றோம். 2019-ல் பூனையின் முகத்தை வைத்து வலியை மதிப்பிடும் அளவுகோல் வந்தது: காதின் நிலை, கண் இடுங்குதல், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை மயிர், தலையின் நிலை ஆகிய ஐந்துக்கும் பூச்சியம் முதல் இரண்டு வரை மதிப்பெண், பத்துக்கு நான்கு வந்தால் வலிநிவாரணி பற்றி யோசிக்க வேண்டும். மிக எளிது, மிக நல்லது. ஆனால் அது திடீர் வலிக்காக உருவானது. பல மாதமாக உள்ளே அரிக்கும் மூட்டு வலிக்கு அந்த முகம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவுகோலைக் கற்பிக்கும் வகுப்பில் இந்த எல்லையையும் சேர்த்துக் கற்பித்தால்தான் அது கற்பித்தல்.

நாம் எழுதித்தராத மருந்துகளைப் பற்றியும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாய்களின் மூட்டு வலிக்கான பெடின்வெட்மாப் என்ற ஊசிமருந்துக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பல நாய்கள் அதனால் பயன்பெற்றதை நானே பார்த்திருக்கிறேன். 2024 டிசம்பரில் அந்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அம்மருந்துக்குப் பின் தள்ளாட்டம், கால் பலவீனம், வலிப்பு உள்ளிட்டவை தெரிவிக்கப்பட்டிருப்பதாகக் கால்நடை மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. தெரிவிக்கப்பட்டவை எல்லாம் மருந்தினால்தான் நேர்ந்தன என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் வாரம் இருமுறை அந்த நாயின் நடையைக் கூர்ந்து பார்ப்பவர் நாம்தான். புதிதாக ஒரு தள்ளாட்டம் தெரிந்தால், கடைசி ஊசி எப்போது போட்டது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டியவரும் நாம்தான். அக்கடிதம் மறுவாழ்வுச் சிகிச்சையாளர்களின் பெயருக்கு வரவில்லை. ஒரு கால்நடை மருத்துவர் மதிய இடைவேளையில் சொல்லித்தான் எனக்குத் தெரிய வந்தது.

இவற்றையெல்லாம் வைத்து உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. புதுப்பிக்க வரும் ஒவ்வொருவரிடமும், இடைப்பட்ட ஆண்டுகளில் தாம் தவறாகக் கணித்த ஒரு நோயாளியின் முழுக் குறிப்பையும் கேளுங்கள். பெயர், அடையாளம் எதுவும் இல்லாமல். எந்த இடத்தில் பிழை நேர்ந்தது, அதற்குப் பின் எதைப் படித்தார், யாரிடம் கற்றார், அடுத்த முறை அதே நிலையில் என்ன செய்தார் என்று எழுதச் சொல்லுங்கள். பத்து மணி நேர வகுப்புக்கு ஈடான மதிப்பை அதற்குத் தாருங்கள். அப்படியொரு நோயாளியே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவரிடம் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்து பேசுங்கள். அந்தக் குறிப்பு எவருக்கும் எதிராகப் பயன்படாது என்று நீங்கள் எழுத்தில் உறுதி தர வேண்டும். இது இல்லாவிட்டால் மற்றது எதுவும் நடக்காது, ஊருக்குச் சொல்லத்தக்க சின்னச் சின்னத் தவறுகளைத்தான் எழுதித் தருவார்கள். வேண்டுமென்றே செய்த அலட்சியத்தை மூடிமறைக்க நான் கேட்கவில்லை. அதற்கு உங்களிடம் ஏற்கெனவே விதிகள் இருக்கின்றன.

கால்நடை மருத்துவர் ஒருவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் ஆண்டுக்குச் சில நாள்களாவது ஒருவர் பணியை ஒருவர் அருகில் நின்று பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். நான் கடந்த மூன்று ஆண்டுகளாக மாதம் ஒரு நாள், ஒரு கால்நடை மருத்துவரின் பரிசோதனை அறையில் சும்மா நின்று பார்க்கிறேன். அவர் ஒரு நொண்டும் நாயைத் தொடும் முறையே வேறாக இருக்கிறது. மூட்டைத் தொடுவதற்கு முன் எலும்பின் நீளம் முழுவதையும் விரலால் அழுத்திக்கொண்டே வருகிறார். நான் மூட்டிலிருந்து மூட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தேன். இடையில் இருந்த எலும்பைத் தொட்டதே இல்லை. எந்த வகுப்பும் இதை எனக்குச் சொல்லவில்லை, ஏனெனில் இது சொல்ல வேண்டிய ஒன்று என்று கால்நடை மருத்துவர் எவருக்கும் தோன்றியிராது.

பாடங்களில் ஒவ்வொரு கூற்றுக்கும் அருகில் அது எந்த ஆண்டின் ஆய்வு, எத்தனை விலங்குகள், எந்த இனம் என்று அச்சிடுங்கள். லேசர், அல்ட்ராசவுண்ட், அதிர்வலைக் கருவிகளைப் பற்றிய வகுப்புகளை அவற்றை விற்பவர்கள் நடத்துவதற்குத் தொடர்கல்வி மணிநேரம் வழங்குவதை மறுபரிசீலனை செய்யுங்கள். விற்பவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அல்ட்ராசவுண்டின் ஆற்றலை நாயின் ரோமமே உறிஞ்சிக்கொள்ளும், ரோமத்தை மழிக்காமல் பயன்படுத்தினால் தசைக்கு வெப்பம் சரியாகப் போய்ச் சேராது என்ற மிக அடிப்படையான உண்மையை, கருவி வாங்கி இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் நான் அறிந்தேன். விற்பனையோடு வந்த பயிற்சியில் நாயின் ரோமம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடைசியாக ஒன்று, இது மிகச் சிறியது. நீங்கள் பரிந்துரைக்கும் சிகிச்சைக் குறிப்புப் படிவத்தில் நோயாளியின் விவரம், பரிசோதனை, இலக்கு, சிகிச்சை, முன்னேற்றம் என்று கட்டங்கள் இருக்கின்றன. "எனக்கு விளங்காதது" என்று ஒரு கட்டத்தைச் சேருங்கள். அதற்கு அடுத்து "யாரிடம் கேட்டேன், எந்தத் தேதியில்" என்று இன்னொன்று. நான் என் படிவத்தில் அவற்றைப் பேனாவால் வரைந்து சேர்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் சில மாதங்கள் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. எல்லாமே எனக்கு விளங்கியதாகத்தான் பட்டது. காலியாக விடக் கூடாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்ட பிறகு நிலைமை மாறியது. இப்போது "இந்தத் தசை ஏன் இந்தப் பக்கம் மட்டும் மெலிகிறது?", "நொண்டல் காலையில் மட்டும் ஏன்?" என்று எழுதுகிறேன். எழுதிய பிறகு அதைப் பார்த்துக்கொண்டு தொலைபேசியை எடுக்காமல் இருப்பது கடினமாக இருக்கிறது. ஓராண்டில் அந்தக் கட்டத்தின் வழியாக இரண்டு நாய்களையும் ஒரு பூனையையும் உடனே மேல்பரிசோதனைக்கு அனுப்பினேன். பல முறை என் கேள்வி ஒன்றுமில்லாததாகவும் முடிந்திருக்கிறது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார், நான் கற்றுக்கொண்டேன். அவர் நாய்களை அனுப்புவதை நிறுத்தவில்லை.

உங்கள் அடுத்த புதுப்பிப்புக் கூட்டத்தில் இப்படியொரு அமர்வுக்கு இடம் கொடுத்தால், முதலில் பேச நான் வருகிறேன். அந்த நாயின் குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. அதை வளர்த்தவரிடம் முழுவதையும் சொல்லி, பொதுவில் பேச ஒப்புதலும் பெற்றுவிட்டேன். மூன்றாம் வருகையின் பக்கத்தையும், அன்று லேசர் காட்டிய இடத்தை நான் குறித்திருக்கும் படத்தையும் உங்கள் முன் திறந்து வைக்கிறேன். என்னிடம் கேட்க வேண்டியதை நீங்கள் கேளுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

உங்களிடம் பயின்ற ஓர் இயன்முறை மருத்துவர்